திறந்து பார்க்காமல் வைத்த படங்கள்

இன்று மதியம் பேக்கிங் பிரிவில் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். டேப் ஒட்டி, லாரிக்குத் தயாராக நின்ற பெட்டி. சைஸ் ஸ்டிக்கர் மாறியிருக்குமோ என்று கடைசி நேரத்தில் ஒரு சந்தேகம். உள்ளேயிருந்த டி-சர்ட்டுகளை மேசைமேல் அடுக்கியபோது சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று நழுவி என் காலடியில் விழுந்தது. ஈரம் ஏறாமல் இருக்கத் துணிக்கு நடுவில் வைப்பார்களே, அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலம். குனிந்து எடுத்தேன். எடுத்த கையோடு கைப்பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டேன். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இதை யாருக்காக எடுத்துக்கொண்டு வந்தேன்?

உனக்காகத்தான். ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். "ரெண்டு பொட்டணம் எடுத்து வையி புள்ள, மறந்துராதே." படங்களைச் சேமிக்கிற மெமரி கார்டு நகத்தளவுதான் இருக்கும். அதைச் சின்ன பாலிதீன் உறையில் போட்டு, கூடவே ஒரு சிலிகா பொட்டலம் வைத்து, மேலே சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, அதன் முதுகில் ஊர்ப் பெயரை எழுதுவாய். ஹம்பிக்கு எம். காசிக்கு எக்ஸ்எல். "காசி பெரிய ஊரல்ல" என்று ஒரு விளக்கம் வேறு.

நீ ஃபைனல் செக்கிங், தைத்து வந்த துணியில் குறை பார்க்கிற வேலை. நான் டாக்குமென்ட்ஸ், ஏற்றுமதிக் காகித வேலை. பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். உனக்குத் திருப்பூரில் தனி வீடு, எனக்கு அவிநாசியில். நீ உன் வீட்டுக்காரரை விட்டு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பாவும் போன பிறகு வீட்டில் நான் மட்டும். தீபாவளி லீவு வந்தால் கம்பெனியே சந்தோஷப்படும். எனக்கும் உனக்கும் மட்டும் அந்த நாலு நாளை என்ன செய்வதென்று தெரியாது. அதை நீதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாய். "ஏனுங்க, நாம ரெண்டு பேரும் எங்கியாவது போயிட்டு வரலாமுங்களா?" அப்போது நமக்குள் வாங்க, போங்க தான்.

அப்படித்தான் ஒகேனக்கல் போனோம். பரிசலில் உட்கார்ந்து, தண்ணீர் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் போனதும் நீ போனை நீட்டிப் படம் எடுத்தாய். சாரல் அடித்தது. கை வழுக்கியது. சத்தம்கூட இல்லாமல் போன் காவிரிக்குள் போய்விட்டது. பரிசல்காரர் "அய்யோ" என்றார், நான் கத்தினேன். நீ மட்டும் கையை நீட்டியபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது பஸ் தர்மபுரி தாண்டியதும், புதுப் போன் வாங்கிக்கலாமுங்க என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். நீ ஜன்னல் பக்கமே திரும்பியிருந்து சொன்னாய்: "போனுக்கு இல்லீங்க. எங்கம்மா அதுலதான் இருந்தாங்க."

உன் அம்மா இறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் நீ எடுத்த படங்கள், வெயிலில் உட்கார்ந்து தலை காய வைக்கிற படம், உன்னைத் திட்டுகிற ஒரு வீடியோ, எல்லாம் அந்தப் போனில் மட்டும் இருந்தன. "கல்யாண ஆல்பத்துல அம்மா மூலையில நிக்கிறாங்க. மூஞ்சி பாதி தூணுக்குப் பின்னால. அதுதான் இனி." அப்புறம்தான் அழுதாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரோடு வருவதற்குள் வாங்க போங்க எல்லாம் போய், "அழுவாதே புள்ள" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அடுத்த பயணத்துக்குள் நீ எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாய். போனில் இருக்கும் படங்களைத் தினமும் சாயங்காலம் கார்டுக்கு ஏற்றிவிட வேண்டும். கார்டு என் பையில், போன் உன் பையில். ஊருக்கு வந்ததும் கார்டிலிருந்து அவிநாசியில் என் வீட்டு அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்குக்கு. மூன்று இடம். "ஒண்ணு தண்ணியில போனாலும், ஒண்ணு திருட்டுப் போனாலும், இன்னொண்ணு இருக்கோணும்." இன்டர்நெட்டில் ஏற்றி வைக்கலாமே என்று ஆபீஸ் பையன்கள் சொன்னார்கள். இலவச இடம் என்றைக்கோ நிரம்பிவிட்டது, நாம் போகிற ஊர்களில் சிக்னலும் கிடையாது என்பாய்.

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் எனக்குக் கட்டிலில் விழ வேண்டும், ஒரு காபி வேண்டும். நீ முகம்கூடக் கழுவாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து கார்டை மாட்டுவாய். ஏறி முடித்ததும் எண்ணிக்கை சரிபார்ப்பாய். அதோடு விடமாட்டாய். முதல் படம், கடைசிப் படம், நடுவில் எங்கேயாவது நாலு படம் திறந்து பார்ப்பாய்.

"எண்ணிக்கைதான் சரியா இருக்குதல்ல? அப்புறம் என்னத்துக்குத் தெறக்கறே?" என்று ஒருமுறை எரிச்சலாகக் கேட்டேன்.

"பெட்டி மேல நாப்பத்தெட்டு பீஸுன்னு நீதான் டைப் அடிச்சு ஒட்டறே. உள்ள இருக்கறது நாப்பத்தெட்டும் நல்ல பீஸுதான்னு யாரு சொன்னா? தெறந்து பாத்தாத்தான் தெரியும்."

நமக்குள் இருந்த வித்தியாசமே அதுதான். காகிதத்தில் இருந்தால் இருக்கிறது என்பது என் வேலை. கண்ணால் பார்த்தால்தான் இருக்கிறது என்பது உன் வேலை.

ஒன்பது பயணம் போனோம். கடைசியாக ஒடிசா.

அந்த யோசனை சபிதாவால் வந்தது. நாலாவது லைனில் தைக்கிற சபிதாவை நீ மகள் மாதிரி என்று சொல்லமாட்டாய். அவளுக்கும் முப்பது வயதுக்கு மேலே. ஆனால் செக்கிங் மேசையில் நின்றபடி அவளோடு பேசிப் பேசித்தான் நீ இந்தி கற்றுக்கொண்டாய். அவள் ஊர் ஒடிசாவில் ராயகடா பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுப் போனில் குரல் மட்டும் கேட்பாள். "அக்கா, நீங்க பூரி போங்க. அங்கே இருந்து எங்க ஊர் போகலாம். அம்மா எப்படி இருக்கு, நல்லா சாப்பிடுதா, ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க" என்றாள். நீ அந்த நிமிஷமே சரி என்றுவிட்டாய்.

பூரி பார்த்தோம், கோனார்க் பார்த்தோம், சில்கா ஏரியில் படகில் போனோம். அப்புறம் ரயிலும் ஜீப்பும் பிடித்து சபிதாவின் ஊருக்குப் போனோம். அவள் அம்மா ஒல்லியான, நிமிர்ந்த உடம்புக்காரர். நம்மைப் பார்த்ததும் சபிதாவே வந்துவிட்டது போல வாசலில் தண்ணீர் கொண்டுவந்து கால் கழுவச் சொன்னார். நீ அவரை அறுபது எழுபது படம் எடுத்திருப்பாய். அடுப்புக்கு முன்னால், ஆட்டுக்குப் பக்கத்தில், சபிதா படித்த பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி. உடனே வாட்ஸப்பில் சபிதாவுக்கு ஒன்று அனுப்பேன் என்றேன். "அதுல போனா மங்கிப் போயிரும். ஊருக்குப் போயி பெரிசா பிரிண்டு போட்டு, கவர்ல வெச்சுக் கையில குடுக்கோணும்" என்றாய்.

அன்று சாயங்காலம் ராயகடா லாட்ஜுக்கு வந்தபோது உனக்கு வயிறு வலித்தது. பயணம் முழுவதும் வலித்திருக்கிறது, அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாய். கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, "இன்னைக்கு நீ போட்டுரு புள்ள. தெறந்து பாத்துக்க" என்றாய். நான் கார்டை மாட்டினேன். ஏறிக்கொண்டே இருந்தது. உனக்கு மாத்திரை வாங்க வேண்டும், கடையை மூடிவிடுவான் என்ற அவசரம். முடிந்ததா என்று சரியாகப் பார்க்காமல் பிடுங்கி, உறையில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, பையில் வைத்தேன். பயணம் முழுவதற்கும் அந்த ஒரே கார்டுதான்.

"பாத்துட்டியா?"

"ம்."

திருப்பூர் வந்து சேர்ந்ததும் எனக்கு ஷிப்மென்ட் நெருக்கடி. கார்டு அலமாரியில் கிடந்தது. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் உனக்குக் கணையத்தில் கட்டி என்று சொல்லி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஆபீசிலிருந்து உனக்குப் போன் செய்தேன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது, விஷயம் மட்டும் பழைய மாதிரிதான்.

"எம் போனு நெறஞ்சு போச்சு. ரிப்போர்ட்டெல்லாம் இதுலதான் அனுப்பறாங்க, எடமே இல்ல. ஒடிசாப் படமெல்லாம் நீ டிஸ்குல போட்டுட்டியல்ல?"

என் ஆபீஸ் வாழ்க்கையில் இந்தக் கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன். அனுப்பியாச்சுங்களா என்று கேட்டால் அனுப்பியாச்சுங்க. துணி இன்னும் அயர்ன் மேசையில் இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. அதே வாயால் சொன்னேன்.

"போட்டுட்டேன் புள்ள."

"தெறந்து பாத்தியா?"

"பாத்துட்டேன்."

வீட்டுக்குப் போனதும் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செய்யவும் செய்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு கம்ப்யூட்டரில் கார்டை மாட்டினேன். படம் ஒன்றும் வரவில்லை. கார்டைப் படிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டு திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. கழற்றி மாட்டினேன். துடைத்து மாட்டினேன். அதே பெட்டி. உனக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் நீயே கூப்பிட்டாய். "எல்லாத்தையும் அழிச்சுட்டேன். குப்பைத் தொட்டியில முப்பது நாள் கெடக்குமாம், அப்புடி இருந்தா எடம் காலியாவாதுன்னு அதையும் சுத்தமா வழிச்சுட்டேன். இப்பத்தான் போனு லேசாச்சு" என்றாய்.

சரி புள்ள என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கார்டை எடுத்துக்கொண்டு கோயமுத்தூரில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஒரு வாரம் வைத்திருந்து, கிடைத்ததைத் தந்தார்கள். பாதி வானமும் பாதி சாம்பல் பட்டையுமாக மூன்று படம். அவ்வளவுதான்.

அதற்குள் நீ கேட்கத் தொடங்கிவிட்டாய். "அந்த ஏரிப் படத்தை எடுத்துட்டு வா, பாக்கோணும்." டிஸ்கை எடுத்து வர மறந்துவிட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறும் மறந்துவிட்டேன் என்றேன். மூன்றாவது ஞாயிறு நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்டுபிடிக்கிற கண் அது.

"சொல்லு" என்றாய்.

சொன்னேன். கார்டைப் பிடுங்கியது, திறந்து பார்க்காதது, போட்டுவிட்டேன் என்று சொன்னது, எல்லாம்.

நீ கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சலைன் பாட்டிலைப் பார்த்தாய். பிறகு, "கார்டு கெட்டுப் போறது யாருக்கு வேணாலும் நடக்கும். நீ இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நா அழிச்சிருக்கமாட்டேன்" என்றாய். "சபிதாகிட்ட நா என்ன சொல்லட்டும்?" என்றாய். நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். "சரி, நீ கெளம்பு. பஸ்சு கூட்டமாயிரும்."

அப்போது மணி இரண்டுகூட ஆகவில்லை.

அந்த வாரம் முழுவதும் நீ என் போனை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் உன்னோடு பேசாமல் போன முதல் வாரம் அது. செக்கிங் பிரிவைத் தாண்டிப் போக வேண்டியிருக்குமே என்று மாடிப்படியைச் சுற்றிக்கொண்டு போனேன். நீ அங்கே இல்லை என்று தெரிந்தும்.

அடுத்த ஞாயிறு என்ன ஆனாலும் சரி என்று வந்தேன். வெள்ளகோவிலிலிருந்து வந்து துணைக்கு இருந்த உன் அண்ணன் வராந்தாவில் நின்றிருந்தார். "உள்ள போங்க. காலையிலிருந்து உங்களத்தான் கேட்டுட்டு இருக்குது" என்றார்.

நீ நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். "நோட்டு ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "கீழ கடையில ஒண்ணு வாங்கிட்டு வா. பேனாவும்."

வாங்கி வந்தேன்.

"எழுது. ஒண்ணு. திருப்பூர் ஸ்டேஷன். நீ தண்ணி பாட்டில் மூடி தெறக்க முடியாம பல்லுல கடிக்கிறே."

நான் எழுதாமல் உன்னைப் பார்த்தேன். "இத எப்ப எடுத்தே?"

"எடுத்தேன். எழுது. ரெண்டு. ரயிலு ஜன்னல். ஒரு ஆத்துப் பாலம். தண்ணியில ரயிலோட நெழலு. மூணு, நீ வாயப் பொளந்துட்டுத் தூங்கறே."

அந்த ஞாயிறும் அடுத்த மூன்று ஞாயிறும் இதையே செய்தோம். அழிந்துபோன படங்களை நீ ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துச் சொல்வாய், நான் எழுதுவேன். எந்தப் பக்கம் வெளிச்சம், ஓரத்தில் யார் நின்றார்கள், எது கொஞ்சம் கலங்கலாக வந்திருந்தது என்பது வரைக்கும் சொன்னாய். பூரிக் கடற்கரையில் நான் செருப்பை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அலையைப் பார்த்து நிற்கிற படம். "கடல் பாதிதான் தெரியும். நீ முழுசாத் தெரியுவே." படகுக்காரர் சட்டை நீலம் என்றேன். "பச்சை. துணிக் கலரை எனக்கா சொல்லித் தர்றே?" என்றாய். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். என்னை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவ்வளவுதான்.

நூற்றுப் பன்னிரண்டாவது படம், சில்கா ஏரியில் படகுக் கயிற்றில் உட்கார்ந்திருந்த ஒற்றைப் பறவை. அதைச் சொல்லும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. "அடுத்தது சபிதா ஊரு. அதை நெதானமாச் சொல்லோணும். அடுத்த வாரம் வெச்சுக்கலாம்" என்றாய்.

அந்த வாரம் புதன்கிழமை நீ போய்விட்டாய்.

வெள்ளகோவிலில் உன் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றேன். "நீங்க யாருங்க?" என்று ஒருவர் கேட்டார். "கூட வேலை செய்யறவங்க" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? அப்போது உன் அண்ணன் என்னிடம் வந்தார். "நீங்கதான் ஊரூராப் போயி படம் எடுப்பீங்களே. மாலை போட நல்லதா ஒரு படம் குடுங்க" என்றார்.

டிஸ்கில் ஏழு பயணத்துப் படங்கள் இருக்கின்றன. காரியத்துக்குள் தருகிறேன் என்று சொல்லி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து தேடினேன். ஆயிரக்கணக்கில் நான்தான் இருந்தேன். கோபுரத்துக்கு முன்னால் நான், படித்துறையில் நான், இளநீர் குடித்துக்கொண்டு நான். உன்னை எடுத்தது மொத்தம் பதினாறு. அதில் ஒன்பதில் என் விரல். மற்றதில் நீ கண்ணை மூடியிருக்கிறாய், அல்லது தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. "இன்னொண்ணு எடுக்கட்டுமா?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசியில் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் நீ யாரோ மாதிரி இருக்கிறாய்.

சபிதாவிடம் நானே போய்ச் சொன்னேன். டீ நேரத்தில், மெஷின் நின்றிருந்தபோது. உன்மேல் பழி போகாதபடி, நான் செய்ததை நான் செய்ததாகவே சொன்னேன். அவள் கீழே கிடந்த நூலைக் காலால் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "போட்டோவிலே அம்மா சிரிச்சதா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. தை மாதம் லீவு போட்டு நான் மட்டும் கிளம்பினேன். தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. எதிர் சீட்டில் ஒரு குடும்பம் கட்டுச்சோறு பிரித்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். ஆற்றுப் பாலம் வந்தது; தண்ணீரில் ரயிலின் நிழல் ஓடியது. பக்கத்தில் யாரையாவது தட்டிக் காட்ட வேண்டும்போலக் கை எழுந்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சபிதாவின் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பாதையைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை நீட்டி, ஒன்றை மடக்கி, என்னைக் கேட்பது போலப் பார்த்தார். எனக்கு அவர் மொழி தெரியாது, இந்தியும் வராது. அதெல்லாம் உன் பொறுப்பாகத்தானே இருந்தது. சபிதாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தவர் பேச்சு முடியும்வரை விடவில்லை. பிறகு உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சிரிக்க வைக்க எனக்குத் தெரியவில்லை. சும்மா நின்ற படம்தான் கிடைத்தது, நாற்பது எடுத்தேன். சாயங்காலம் லாட்ஜில் உட்கார்ந்து, கார்டுக்கு ஏறி முடியும்வரை காத்திருந்து, நாற்பதையும் திறந்து பார்த்தேன். அவசரப்படுத்த யாரும் இல்லை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து, சபிதாவின் கையில் கொடுத்தேன். மெஷின் மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, அம்மாவின் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இளைச்சிருக்கு" என்றாள். அதே மாதத்தில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். போனவள் போன் செய்து அம்மாவிடம் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வெகுநேரம் பேசினோம்.

இப்போதெல்லாம் ஆபீசில் அனுப்பியாச்சா என்று கேட்டால், "இல்லீங்க, இனிமேத்தான்" என்று சொல்கிறேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. பழகிக்கொள்வார்.

அந்த நோட்டில் நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு பக்கங்கள் காலியாகவே இருக்கின்றன. சபிதா ஊரில் நீ எடுத்த படங்களை நான் எழுத முடியாது. உன் போனுக்குள் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது வேறு. அதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஆட்டுக்கொட்டிலுக்கு முன்னால் நீ மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருக்கிறாய். மஞ்சள் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் சொருகியிருக்கிறாய். வயிறு வலித்திருக்க வேண்டும், இடது கை விலாவை அழுத்திக்கொண்டிருக்கிறது. வலது கையில் போன். சபிதாவின் அம்மா நிற்கத் தெரியாமல் கூச்சத்தோடு நிற்கிறார். உனக்குத் தெரிந்த பத்து இந்திச் சொல்லில் நீ என்னவோ சொல்கிறாய், தப்பாகத்தான் சொல்லியிருப்பாய். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அவர் சிரிக்கிறதைப் பார்த்து நீயும் சிரிக்கிறாய். கண்ணைத் திறந்துகொண்டு, முழு முகமும் தெரிய, தலை வெட்டுப்படாமல்.

நான் அப்போது வாசற்படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். போன் என் மடியில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.